"நாலு நாள்ல முத்துற நோயா இது?" - பார்க்கின்சன் வீட்டுக்குள் நுழைந்த வைரஸ் காய்ச்சல்

ஐப்பசி மழை தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. சாக்கோட்டையில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அந்த வீட்டில் முதலில் இருமியது, பள்ளிக்கூடம் போய்வந்த பேரன். அடுத்து அப்பத்தாவுக்குத் தொண்டை கரகரத்தது. பிறகு அவன் 'ஐயா' என்று கூப்பிடும் தாத்தாவுக்கு உடம்பு சுட்டது.

பேரன் மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். அப்பத்தா ஐந்தாம் நாள் அடுப்படிக்கு வந்துவிட்டார். ஐயாவுக்கும் நான்காம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால், அவரால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. புரண்டு படுக்கக்கூட இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. வாயில் ஊற்றிய கஞ்சி கடைவாய் வழியே வழிந்தது.

மூவருக்கும் வந்தது ஒரே காய்ச்சல்தான். ஐயாவுக்கு மட்டும் ஏற்கெனவே பார்க்கின்சன் நோய் இருந்தது.

சுருங்கிப்போன கையெழுத்து

அவருக்கு வயது 71. புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் முப்பது வருடங்களுக்கும் மேல் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நோய் அவரிடம் முதலில் நடுக்கமாக வரவில்லை, கையெழுத்தில்தான் வந்தது. பேரேட்டில் முத்து முத்தாக எழுதுகிறவரின் எழுத்து, வரி முடிவதற்குள் எறும்பு ஊர்ந்ததுபோலச் சுருங்க ஆரம்பித்தது. "கண்ணாடிய மாத்துங்க கணக்குப்பிள்ள" என்றார் முதலாளி. கண்ணாடியை மாற்றியும் எழுத்து பெரிதாகவில்லை. பிறகு நடக்கும்போது ஒரு கை வீசாமல் நின்றது. அதன் பிறகுதான் விரல் நடுங்கியது. மதுரைக்குப் போய்க் காட்டியபோது பார்க்கின்சன் என்றார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நடுக்குவாதம்.

நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அங்குள்ள செல்கள்தான் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. நினைத்தவுடன் கை நீளுவதற்கும், கால் எட்டு வைப்பதற்கும், எச்சிலை விழுங்குவதற்கும் அது வேண்டும். பார்க்கின்சனில் அந்தச் செல்கள் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. உடம்பு மெதுவாகிறது, இறுகுகிறது, நடுங்குகிறது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இதை விவரித்து எழுதினார். அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது.

குறைந்துபோன டோபமைனுக்கு ஈடாகக் கொடுக்கப்படுவதுதான் லெவோடோபா மாத்திரை. மூளைக்குள் போய் அது டோபமைனாக மாறுகிறது. ஆனால், ரத்தத்தில் அதிக நேரம் தங்காது. சில மணி நேரத்தில் வேகம் குறைந்துவிடும். அதனால்தான் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை, நேரம் தவறாமல் போட வேண்டியிருக்கிறது. சாக்கோட்டை வீட்டில் காலை 7, பகல் 11, மாலை 3, இரவு 7 என்பது கணக்கு. கணக்குப்பிள்ளையின் மனைவி அதற்கு வைத்திருக்கும் பெயர், 'நடக்குற மாத்திரை.'

அந்த மாத்திரையோடு ஏழு வருடங்கள் நன்றாகவே ஓடின. வெள்ளிக்கிழமை தவறாமல் வீரசேகரர் கோயிலுக்கு நடந்தே போய்வருவார். சட்டைப் பொத்தானை மட்டும் மனைவி போட்டுவிட வேண்டும். மற்றதெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார்.

அந்த நான்கு நாள்கள்

காய்ச்சல் வந்தது சனிக்கிழமை. அன்று மாலை இரண்டு முறை வாந்தி எடுத்தார். 3 மணி மாத்திரை வெளியே வந்துவிட்டது. 7 மணிக்குக் கொடுக்கப் போனபோது, பார்க்க வந்த உறவுக்காரப் பெண் தடுத்தார். "காச்ச மாத்திரையோட அந்த மாத்திரையும் குடுத்தா உடம்பு தாங்காது அயித்தே. காச்ச விட்டதும் குடுத்துக்கலாம்."

அக்கறையில் சொன்ன வார்த்தைதான். கேட்டவருக்கும் அது நியாயமாகவே பட்டது. சனி இரவு நின்ற மாத்திரை, ஞாயிறும் திங்களும் தொடரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாந்தி நிற்காததால் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். வாந்தி நிற்க ஊசி போட்டார்கள். வாந்தி நின்றது. ஆனால், அன்று இரவு அவர் மரக்கட்டைபோல விறைத்துவிட்டார். நள்ளிரவில் முற்றத்தைப் பார்த்து, "மூட்டைய எறக்காம என்னடா வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்று அதட்டினார். முற்றத்தில் யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை உடம்பு சில்லிட்டது. காய்ச்சல் போய்விட்டது என்று வீடு மூச்சுவிட்டது. அவர் மட்டும் எழவில்லை.

அன்று சாயங்காலம் உறவினர்கள் கூடினார்கள். திண்ணையில் மெல்லிய குரலில் பேச்சு நடந்தது. "நோய் முத்திப்போச்சு." "இனி படுக்கைதான்." "சிங்கப்பூருக்குச் சொல்லிருங்க, மகன் வந்து பாத்துட்டுப் போகட்டும்." ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்றார் ஒரு பெரியவர். பலரும் தலையாட்டினார்கள்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி வெளியே வந்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று பேசினார்.

"வெள்ளிக்கெழம கோயிலுக்கு நடந்து போயிட்டு வந்தாக. வர்ற வழியில கடையில நின்னு வெத்தல வாங்கிட்டு வந்தாக. இன்னைக்கு செவ்வாக்கெழம. ஏழு வருசமா முத்தாத நோய், நாலு நாள்ல முத்திருமா? நாலு நாள்ல முத்துற நோயா இது?"

யாரிடமும் பதில் இல்லை. புதன்கிழமை விடியற்காலை கார் மதுரைக்குக் கிளம்பியது.

அவர் கேட்டது சரியான கேள்வி

பார்க்கின்சன் ஒரே ராத்திரியில் முற்றுகிற நோய் அல்ல. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகர்வது. நேற்று நடந்தவர் இன்று நடக்கவில்லை என்றால், அதற்கு வேறு ஏதோ காரணம் இருக்கிறது என்று தேட வேண்டும். நரம்பியல் மருத்துவர்கள் முதலில் தேடுவது நோய்த்தொற்றைத்தான். சளிக்காய்ச்சல், நிமோனியா, சிறுநீர்த் தொற்று என எது வேண்டுமானாலும் இருக்கலாம். சில முதியவர்களுக்குக் காய்ச்சலே தெரியாது. திடீரென்று நடை நின்றுபோவதும், குழம்பிப் பேசுவதும் மட்டுமே தொற்றின் அடையாளமாக இருக்கும்.

ஒரு சாதாரண வைரஸ் எப்படி இவ்வளவு ஆட்டிவைக்கிறது? வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கும் ரசாயனங்கள் மூளையையும் தொடுகின்றன. நமக்கெல்லாம் காய்ச்சலின்போது உடம்பு அசதியாக, மந்தமாக இருப்பது அதனால்தான். டோபமைன் குறைந்த மூளைக்கு அந்தச் சின்ன இடியையும் தாங்கும் இருப்பு இல்லை. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் மாத்திரை குடலில் சரியாகச் சேராது. தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றினால் ரத்த அழுத்தம் இறங்கும், மலச்சிக்கல் கூடும், குழப்பம் வரும். ஆக, மருந்தின் தேவை கூடுகிற நேரத்தில், கிடைக்கும் மருந்து குறைந்துவிடுகிறது.

கொரோனா காலம் இதை உலகத்துக்கே எடுத்துக்காட்டியது. 2020-ல் இத்தாலியின் லொம்பார்டி பகுதியில், கொரோனா வந்த பார்க்கின்சன் நோயாளிகளை வராதவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். கொரோனா வந்தவர்களுக்கு உடல் இயக்கப் பிரச்னைகளும், சிறுநீர்ப் பிரச்னை, அசதி போன்றவையும் மோசமாகியிருந்தன. மூன்றில் ஒருவருக்கு மருந்தின் அளவையே மாற்ற வேண்டியிருந்தது. தொற்று ஒரு காரணம் என்றால், மருந்து உடம்பில் சரியாகச் சேராதது இன்னொரு காரணம் என்றார்கள். அந்தச் சமயத்தில் வேறொரு குழப்பமும் இருந்தது. வாசனை தெரியவில்லை என்றால் கொரோனாவாக இருக்கலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. பார்க்கின்சன் உள்ள பலருக்கோ, நடுக்கம் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே வாசனை போயிருக்கும்.

மதுரையில் கேட்ட மூன்று கேள்விகள்

மதுரை மருத்துவர் முதலில் கேட்டது காய்ச்சலைப் பற்றி அல்ல. "கடைசியா லெவோடோபா எப்ப குடுத்தீங்க?"

"சனிக்கெழம சாயந்தரம். அதையும் வாந்தி எடுத்துட்டாக."

"வாந்திக்கு என்ன ஊசி போட்டாங்க?" மருமகள் கையில் இருந்த சீட்டை நீட்டினார். "இதுக்கு முன்னாடி எப்படி நடந்தாரு?" வெள்ளிக்கிழமைக் கோயில் கதை மறுபடி சொல்லப்பட்டது. அதைக் கேட்டதும்தான் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது என்கிறார் மருமகள். "அப்ப திரும்ப நடக்க வாய்ப்பு இருக்கும்மா."

லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. உடம்பு விறைக்கும், நினைவு தடுமாறும். சிலருக்குக் கடும் காய்ச்சல் அடிக்கும், தசைகள் சிதையத் தொடங்கும். உயிருக்கே கேடாக முடியலாம். இதில் கொடுமை என்னவென்றால், மாத்திரையை நிறுத்தியதால் வரும் காய்ச்சலையும் வைரஸ் காய்ச்சல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

வாந்திக்கான ஊசிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பரவலாகப் பயன்படும் மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் போன்ற மருந்துகள் மூளைக்குள் போய் டோபமைன் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். மற்றவர்களுக்கு அது வாந்தியை நிறுத்தும் நல்ல மருந்து. பார்க்கின்சன் உள்ளவருக்கோ, இருக்கும் கொஞ்சநஞ்ச டோபமைனுக்கும் கதவைச் சாத்துவதுபோல. குழப்பமாகப் பேசும் நோயாளியை அமைதிப்படுத்தக் கொடுக்கும் ஹாலோபெரிடால் மருந்தும் இதே வேலையைச் செய்யும். இவற்றுக்குப் பொருத்தமான மாற்று மருந்துகள் உண்டு. ஆனால், நோயாளிக்குப் பார்க்கின்சன் இருக்கிறது என்பதை ஊசி போடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அன்று கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை, வீட்டாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

எக்ஸ்ரேயில் நுரையீரலின் கீழ்ப்பக்கம் நிமோனியா தொடங்கியிருந்தது. விழுங்க முடியாதவருக்குப் படுக்கவைத்து ஊற்றிய கஞ்சி, வழிதவறி மூச்சுக்குழாய்க்குப் போயிருக்கலாம் என்றார்கள். பார்க்கின்சன் நோயாளிகளின் மரணத்துக்கு முக்கியமான காரணங்களில் நிமோனியாவும் ஒன்று. திண்ணையில் பேசியபடி வீட்டிலேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூக்கு வழியாக டியூப் போட்டு, 7, 11, 3, 7 கணக்கில் மாத்திரை மறுபடி தொடங்கியது. நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் ஏறியது. மூன்றாம் நாள் விரல்கள் அசைந்தன. நான்காம் நாள் மனைவியைப் பார்த்து, "காப்பி இருக்கா?" என்றார். எட்டாம் நாள் இருவர் தாங்கலில் நாலு எட்டு வைத்தார்.

வைரஸும் பார்க்கின்சனும்: பழைய உறவு

வைரஸுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு மருத்துவ வரலாற்றில் பல இடங்களில் தலைகாட்டுகிறது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-ல், வியன்னாவில் கான்ஸ்டன்டின் வான் எகானமோ என்ற மருத்துவர் ஒரு விநோதமான தூக்க நோயை விவரித்தார். மூளை வீங்கி, நோயாளிகள் நாள்கணக்கில் தூங்கினார்கள். பிழைத்தவர்களில் பலருக்குப் பின்னாளில் பார்க்கின்சன்போலவே உடம்பு உறைந்துபோனது. அதற்கு எந்தக் கிருமி காரணம் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அப்படி உறைந்து பல பத்தாண்டுகள் கிடந்தவர்களுக்கு, 1969-ல் நியூயார்க்கில் ஆலிவர் சாக்ஸ் என்ற மருத்துவர் லெவோடோபா கொடுத்தார். சிலைபோல இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், பேசினார்கள். பலருக்கு அந்தப் பலன் நிலைக்கவில்லை என்பது சோகம்.

நம் பக்கத்திலும் உண்டு. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், இந்தியாவில் மனிதர்களிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், நம் வேலூர்ப் பகுதியில்தான். அந்த வைரஸ் டோபமைன் சுரக்கும் கறுப்புப் பகுதியையே தாக்கக்கூடியது. பிழைத்தவர்களில் சிலர் பார்க்கின்சன் நோயாளிபோல இறுகிப்போவதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் இருக்கிறது. அமன்டடின் என்ற மாத்திரை, 1966-ல் ஃப்ளூ காய்ச்சலைத் தடுக்கத்தான் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 1968-ல் பார்க்கின்சன் இருந்த 58 வயதுப் பெண் ஒருவர், ஃப்ளூ வராமல் இருக்க அதைச் சாப்பிட்டார். இறுக்கமும் நடுக்கமும் குறைந்ததைக் கவனித்தார். நிறுத்தியதும் பழையபடி ஆனது. அதை அவர் மருத்துவர் ராபர்ட் ஷ்வாபிடம் சொல்ல, ஷ்வாப் மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து 1969-ல் வெளியிட்டார். இன்றும் பார்க்கின்சனுக்கு அந்த மாத்திரை பயன்படுகிறது. நோயாளி தன் உடம்பைக் கவனித்துச் சொன்ன ஒரு வார்த்தையில் கிடைத்த மருந்து அது.

லெவோடோபாவுக்கும் சென்னைக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. நம் வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையில் அந்தப் பொருள் இருப்பதை, 1937-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்காக விதையை அரைத்துச் சாப்பிடக் கிளம்பிவிடக் கூடாது. அளவு தெரியாமல் சாப்பிட்டால், போடும் மாத்திரையோடு சேர்ந்து அதிகமாகிவிடும்.

பீரோ கதவில் ஒரு தாள்

ஆறு வாரங்கள் கழித்து அவர் தெருமுனைவரை நடந்தார், கைத்தடியோடு. காய்ச்சலுக்கு முன்பிருந்த நடை முழுதாகத் திரும்பவில்லை. கோயிலுக்கு இப்போது ஆட்டோவில்தான் போகிறார். தொற்றில் தடுக்கி விழுபவர்களில் பலர் பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள், சிலருக்குக் கொஞ்சம் இழப்பு தங்கிவிடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். சட்டைப் பொத்தானோடு இப்போது வேட்டியும் மனைவியின் பொறுப்பாகிவிட்டது. "உசுரோட, நெனவோட இருக்காக. அது போதும்" என்கிறார் அவர்.

வீட்டில் சில பழக்கங்கள் மாறியிருக்கின்றன. பார்க்கின்சன் நோயாளி இருக்கும் எந்த வீட்டுக்கும் இவை உதவும்.

பீரோ கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நோயின் பெயர், மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம், கொடுக்கக் கூடாத மருந்துகள், மதுரை மருத்துவரின் போன் நம்பர் எல்லாம் அதில் உள்ளன. அதன் நகல் மருமகளின் கைப்பையில். எந்த கிளினிக்குக்குப் போனாலும், ஊசிக்கு முன்னால் அந்தத் தாள் மேஜைக்குப் போய்விடும்.

காய்ச்சல் வந்தாலும் நடக்குற மாத்திரை நிற்பதில்லை. காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். மாத்திரை வாந்தியில் போனாலோ, விழுங்க முடியாவிட்டாலோ, அன்றே மருத்துவருக்கு போன் போகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், மாத்திரை நேரத்தை வீட்டிலிருந்து ஒருவர் நினைவுபடுத்துகிறார். பிரிட்டனில் பார்க்கின்சன் அமைப்பு, ஆஸ்பத்திரிகளில் மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள் என்பதையே ஓர் இயக்கமாக நடத்திவருகிறது.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் இருமல் சிரப் இப்போது கிடையாது. செலிஜிலின், ரசாஜிலின் மாத்திரைகள் போடுகிறவர்களுக்கு, பல சிரப்புகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் ஒத்துக்கொள்ளாது.

சாப்பாடு, தண்ணீர் எதுவானாலும் நிமிர்த்தி உட்காரவைத்துத்தான். படுக்கவைத்து ஊற்றுவதில்லை. காய்ச்சல் நாளில் எழுந்து நடந்தால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு என்பதால், பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். இல்லாத ஆளைப் பார்த்துப் பேசினால் வாதாடுவதில்லை, பயந்து ஒதுங்குவதும் இல்லை. காய்ச்சலும் நீர்வற்றலும் சேர்ந்தால் அப்படி வரும் என்று பேரனுக்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவனுக்குச் சளி பிடித்தால் ஐயாவின் கட்டிலில் ஏறக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

மருத்துவரிடம் கேட்டு, வருடா வருடம் போடும் ஃப்ளூ தடுப்பூசியும், நிமோகாக்கல் தடுப்பூசியும் ஐயாவுக்குப் போட்டாயிற்று. வைரஸ் பரவும் காலம் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

போன மாதம் புதுவயலில் இருந்து ஒரு பெண் போன் செய்தார். அவருடைய மாமியாருக்கும் பார்க்கின்சன். மூன்று நாள் காய்ச்சலில் பேச்சே நின்றுவிட்டதாம், எல்லோரும் நோய் முற்றிவிட்டது என்கிறார்களாம். அழுதுகொண்டே அவர் பேசி முடிக்கும்வரை கணக்குப்பிள்ளையின் மனைவி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"அழுகாதத்தா. மொதல்ல இதச் சொல்லு. கடைசியா மாத்திர எப்பக் குடுத்தே?"